ஊன்றிச் செய்வது என்றால் என்ன? வேலைக்கும் வாசிப்புக்கும் ஓர் ஆரம்பப் பாடம்

ஒரு தாள், ஒரு பேனா, நொடி காட்டும் கடிகாரம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். முதலில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் ஒரே வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே 1 முதல் 12 வரை எண்களை எழுதுங்கள். மொத்தம் எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புதிதாக இரண்டு வரிகள். இம்முறை மேலே அ, கீழே 1, மறுபடி மேலே ஆ, கீழே 2 என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே போங்கள்.

இரண்டு முறையும் எழுதியது அதே இருபத்துநான்கு குறிகள். ஆனால் இரண்டாவது முறை நேரம் கூடியிருக்கும். நடுவில் எங்கோ கை ஒரு கணம் நின்று, "இப்போது எழுத்தா, எண்ணா?" என்று யோசித்திருக்கும். நான் முதல் தடவை செய்தபோது ஏ-வுக்கும் ஐ-க்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டேன். கடைசியில் 12 மட்டும் ஜோடி இல்லாமல் தனியாக நின்றது.

அகர வரிசையும் எண் வரிசையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவை. அவை இரண்டுக்கும் நடுவே தாவுவதற்கே மனம் இப்படித் திணறுகிறது. அப்படியானால் ஓர் அறிக்கை எழுதிக்கொண்டே, மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுக்கொண்டே, கைப்பேசி சிணுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டே நாளை ஓட்டுகிறவர் சாயங்காலம் ஏன் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் ஆச்சரியம் இல்லை. அவர் நாள் முழுக்க உழைத்திருக்கிறார். அந்த உழைப்பில் ஒரு பங்கு தாவுவதற்கே போய்விட்டது.

தாவலுக்கு ஒரு கூலி

1927ஆம் ஆண்டு ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முறையாக அளந்து பார்த்தார். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடும்போது ஆகும் நேரத்தைவிட, இரண்டு வகைக் கணக்குகளை மாறி மாறிப் போடும்போது அதிக நேரம் ஆகிறது என்று கண்டார். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் மனம் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும், அடுத்த அடி என்ன என்பதெல்லாம் அந்த ஏற்பாட்டில் அடக்கம். வேலை மாறினால் பழையதைக் கலைத்துவிட்டுப் புதியதை அடுக்க வேண்டும். நாடகத்தில் காட்சி மாறும்போது திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளே சாமான்களை நகர்த்துவார்களே, அதுபோல. பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நேரம் போகிறது.

இதில் இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. பழைய சாமான்கள் முழுசாக வெளியே போவதில்லை. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் "கவன எச்சம்" என்று சொல்லலாம். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு மாறும்போது, கவனத்தில் ஒரு பங்கு முதல் வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் இரண்டாவது வேலையின் தரம் குறைகிறது. ஆள் இங்கே, மனசு அங்கே என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அதைத்தான் அவர் சோதனை வைத்துக் காட்டினார்.

"சும்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்பதில் உள்ள சிக்கல் இப்போது புரிந்திருக்கும். செய்தியைப் படிக்க ஒரு நிமிஷம் போதும். "இதற்கு என்ன பதில் சொல்வது, அவர் ஏன் அப்படிக் கேட்டார்" என்று அது கிளப்பிவிடும் யோசனைகள் உங்களோடு திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்துகொள்ளும். கணினித் திரையில் மனிதர்களின் கவனம் எப்படி நகர்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் குளோரியா மார்க். 2004 வாக்கில் அவர் அளந்தபோது ஒருவர் ஒரு திரையில் நிலைத்த நேரம் சராசரியாக இரண்டரை நிமிடம். பிற்பாடு எடுத்த அளவுகளில் அது 47 நொடிக்கு வந்துவிட்டது. நாம் மேலே செய்த அ-1-ஆ-2 விளையாட்டைத்தான் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஊன்றுவது என்றால்?

"ஊன்றிப் படி" என்று சொல்லக் கேட்டிருப்போம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் விஷயம் அதிலேயே இருக்கிறது. கம்பை ஊன்றுகிறோம், காலை ஊன்றுகிறோம், விதையை ஊன்றுகிறோம். ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே இறக்கி, அசையாமல் நிற்கவிடுவது எல்லாவற்றுக்கும் பொது. கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, நெற்றியைச் சுருக்குவதெல்லாம் அதில் சேராது.

நடைமுறையில் இதற்கு ஒரு சுலபமான அடையாளம் வைத்துக்கொள்ளலாம். உட்காருவதற்கு முன்பே மூன்று விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும்: எது, எதுவரை, எழும்போது கையில் என்ன இருக்கும். "இன்றைக்கு அந்த அறிக்கையைக் கொஞ்சம் பார்க்கணும்" என்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. எந்தப் பகுதி? எவ்வளவு நேரம்? "பார்ப்பது" என்றால் படிப்பதா, திருத்துவதா, புதிதாக எழுதுவதா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் கோப்பைத் திறந்தால், முதல் பத்து நிமிடம் மேலும் கீழும் உருட்டுவதிலேயே போகும். அதற்குப் பதில் இப்படி ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்: "பத்து முதல் பதினொன்று வரை. இரண்டாம் பகுதி மட்டும். பதினொன்றுக்கு அதன் முதல் வரைவு, எவ்வளவு கண்றாவியாக இருந்தாலும், முழுசாக இருக்க வேண்டும்." எப்போது நிறுத்தலாம் என்பதும் அதே வரியில் இருக்கிறது. ஆரம்பிக்கத் தயங்குகிற பலருக்கு உண்மையில் பயம் ஆரம்பத்தைப் பற்றியது இல்லை. இது எப்போது முடியும் என்று தெரியாததுதான் பயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வேலையையும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. படிவம் நிரப்புவது, கோப்புகளை ஒழுங்கு செய்வது, "சரி, வருகிறேன்" என்று பதில் அனுப்புவது போன்றவற்றை யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். குறுக்கே ஒருவர் வந்து போனாலும் தரம் குறையாத வேலைக்கு ஊன்ற வேண்டிய அவசியம் இல்லை. அவற்றையெல்லாம் திரட்டி ஒரே மூச்சில் முடித்தால் போதும். குறுக்கீடு வந்ததும் நொறுங்கிப்போகிற வேலைகள்தான் காப்பாற்றப்பட வேண்டியவை: எழுதுவது, கணக்கு வழக்கின் தவறைத் தேடுவது, நிரல் எழுதுவது, புதிதாக ஒன்றைக் கற்பது, கடினமான முடிவு ஒன்றை யோசிப்பது. ஒருவரின் நாளில் இப்படிப்பட்டவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும்?

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று மார் தட்டுகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களைப் பற்றியது. அவர்களில் மிகத் தேர்ந்தவர்கள் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்தது நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். அதையும் ஒரே இழுப்பாகச் செய்யவில்லை. துண்டு துண்டாக, நடுவில் ஓய்வு விட்டு. பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். புகழ்பெற்ற "பத்தாயிரம் மணி நேரம்" கதை கிளம்பியதும் இங்கிருந்துதான். அந்தச் சிறந்த குழு இருபது வயதுக்குள் சேர்த்திருந்த பயிற்சியின் சராசரி அது, அவ்வளவே. அதைத் தொட்டால் மேதை என்று யாரும் நிறுவவில்லை. மணிக்கணக்கைவிட, அந்த மணியில் என்ன நடந்தது என்பதில்தான் எரிக்சனுக்கு அக்கறை. தெரிந்த பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து மகிழ்வதை அவர் பயிற்சியாகக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கே விரல் தடுமாறுகிறதோ அந்த நான்கு அடிகளை எடுத்து, மெதுவாக்கி, பிழையைக் கேட்டு, திருத்தி, மறுபடி வாசிப்பதுதான் அவர் சொன்ன பயிற்சி. அது களைப்பூட்டும். அதனால்தான் மூன்றரை மணிக்கு மேல் போகவில்லை.

சார்லஸ் டார்வினின் நாளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை ஒரு அமர்வு. பிறகு கடிதங்கள். பத்தரை முதல் நண்பகல் வரை இன்னொரு அமர்வு. அத்தோடு அன்றைய முக்கிய வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். என்ன, டார்வினுக்குச் சொத்து இருந்தது, வீட்டு வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், மாதச் சம்பளத்துக்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரை உதாரணம் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

எனக்குப் பிடித்த உதாரணம் அந்தோணி டிரோலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். அதோடு பல ஆண்டுகள் தபால் துறையில் முழுநேர உத்தியோகம். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். மூன்று மணி நேரம் ஆனதும் எழுந்து தன் நாளைத் தொடங்கப் போய்விடுவார். இப்படியே 47 நாவல்கள். அவர் பழக்கத்தில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு: உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். நேற்று கலைந்துபோன ஏற்பாட்டை மீண்டும் அடுக்க அது அவருக்கு வழி. கவன எச்சத்தைப் பற்றி எந்த ஆய்வும் வராத காலம் அது.

புதிதாக ஆரம்பிக்கிறவர் மூன்று மணி நேரத்துக்கு ஆசைப்படக் கூடாது. இருபத்தைந்து நிமிடம் போதும். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் கவனம் நிற்காமல் தவித்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை மணிக்கருவியைத் திருகி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் உள்ள பெயராலேயே அந்த முறை இன்றைக்கும் "பொமொடோரோ" எனப்படுகிறது. அந்த இருபத்தைந்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. இருபதும் நாற்பதும் அதே வேலையைச் செய்யும். முடிவு நேரம் ஒன்று இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பதினொரு கோடுகள்

என் கவனத்தை யார்தான் கெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். மேசை ஓரத்தில் ஒரு துண்டுத்தாள். வேலையிலிருந்து கவனம் விலகும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு. நாற்பது நிமிடத்தில் பதினொரு கோடுகள் விழுந்திருந்தன. வெளியிலிருந்து வந்தவை மூன்று: ஒரு அழைப்பு, கதவில் ஒரு தட்டல், பக்கத்து மேசைக்காரர் கேட்ட ஒரு சின்னக் கேள்வி. மீதி எட்டும் என் சொந்தத் தயாரிப்பு. அதில் ஒன்று, ஒரு சொல்லுக்கு வல்லினம் மிகுமா என்று பார்க்கப் போய், எப்படியோ ஒரு விளையாட்டுப் போட்டியின் மதிப்பெண் பட்டியலில் முடிந்தது.

அதற்கு முன்னால் வரை அலுவலகத்தையும் சத்தத்தையும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இன்னொரு விஷயம் தெரிந்தது. கோடுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தேன். வரி சுலபமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுகூட இல்லை. "இந்த இடத்தில் என்ன சொல்ல வருகிறேன்?" என்று எனக்கே தெரியாமல் நின்ற இடங்களில்தான் கை கைப்பேசியை நோக்கிப் போயிருக்கிறது. அதாவது வேலை கடினமாகும் அந்தக் கணம்தான் தப்பியோடும் கணமும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல், சும்மா தாளைப் பார்த்தபடி ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழி தெரிகிறது. கவனம் என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் அந்த ஒன்றிரண்டு நிமிடச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்வதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் ஒரு வாரம் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகளைக் குறைக்க முயலாதீர்கள். முதலில் எண்ணினால் போதும்.

அந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலை நடுவில் "அந்தக் கட்டணத்தைக் கட்டவில்லையே", "அவருக்குப் பேசுகிறேன் என்றேனே" என்று திடீரென்று தலைகாட்டும் நினைவுகளை அதிலேயே எழுதிவிடலாம். எப்போது செய்யப்போகிறோம் என்பதையும் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: முடியாத காரியங்கள் மனதில் வந்து குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுவிட்டாலே, காரியம் இன்னும் முடியாவிட்டாலும், குறுக்கீடு அடங்கிவிடுகிறது.

கைப்பேசியை எங்கே வைப்பது? மேசையில் சும்மா கிடந்தாலே மூளையின் திறனைக் குறைக்கிறது என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அது எப்படியோ போகட்டும். நான் அடுத்த அறையில் வைக்கிறேன். எடுக்க வேண்டுமென்றால் எழுந்து நடக்க வேண்டும், நாலு அடி வைப்பதற்குள் "எதற்கு எழுந்தோம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. எனக்கு அந்த நாலு அடி போதும்.

வாசிப்பு: நுனிப்புல்லும் ஊன்றலும்

மேலோட்டமாகப் படிப்பதை நுனிப்புல் மேய்வது என்று கேலியாகச் சொல்கிறோம். எனக்கு அந்தக் கேலியில் முழு உடன்பாடு இல்லை. மேய வேண்டிய இடத்தில் மேயத்தான் வேண்டும். புதிய புத்தகம் கைக்கு வந்தால் உள்ளடக்கம், முன்னுரை, கடைசி அத்தியாயத்தில் சில பக்கங்கள் என்று புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஊன்றிப் படிக்கத் தகுதியானதா என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தவறு எங்கே என்றால், மேய்ந்துவிட்டு வயிறு நிறைந்ததாக நினைத்துக்கொள்வதில்.

வேக வாசிப்பு வகுப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். கீத் ரெய்னரும் மற்ற ஆய்வாளர்களும் 2016இல் இதுவரையான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது சுருக்கமானது: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறைகிறது. படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது, ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. ஆனால் வாசிப்பின் வேகத்தை முக்கியமாகக் கட்டுப்படுத்துவது கண் இல்லை. சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் மனம்தான். கண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. ஒரு துறையில் நிறையப் படித்தவர் அதே துறைப் புத்தகத்தை வேகமாகப் படிப்பது வேறு கதை. அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

இனி அடிக்கோடு. மஞ்சள் மையால் பக்கத்தையே குளிப்பாட்டுவது பலருக்குப் படித்த திருப்தியைத் தருகிறது. 2013இல் ஜான் டன்லாஸ்கியும் குழுவினரும் பத்து வகைப் படிப்பு உத்திகளை எடைபோட்டபோது, அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற பட்டியலில் வந்தன. தன்னைத்தானே கேள்வி கேட்டுச் சோதிப்பதும், இடைவெளி விட்டுத் திரும்புவதும்தான் உச்சியில் இருந்தன.

ஏன் என்று புரிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதி கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள்: அவர்கள் 83 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61. திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிய முகமாகத் தெரிகின்றன. பழகிய முகத்தைப் பார்த்ததும் பெயரும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். கூப்பிட வேண்டி வரும்போதுதான் வாய் வராது.

இதை நம்பாமல் நானே ஒரு தடவை செய்து பார்த்தேன். பொருளாதாரம் பற்றிய ஒரு புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்தேன். "ஆசிரியர் என்ன சொல்கிறார்?" என்று மேலே எழுதிவிட்டுக் கீழே எழுத ஆரம்பித்தால், மூன்று வரிக்கு மேல் பேனா நகரவில்லை. அது பரவாயில்லை. புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டபோதுதான் அசடு வழிந்தது. என் இரண்டாவது வரி ஆசிரியரின் கருத்தே இல்லை. அவர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டியிருந்த எதிராளியின் வாதம் அது. "என்று சொல்கிறார்கள், ஆனால்" என்ற சின்னத் திருப்பத்தைக் கண் தாண்டியிருக்கிறது. மூடி வைத்து எழுதிப் பார்க்காமல் இருந்திருந்தால், அந்தப் புத்தகத்தைப் படித்தவன் என்ற பெருமையோடு எதிர்க்கருத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

அன்றிலிருந்து என் வாசிப்பு முறை இவ்வளவுதான். உட்காரும்போது ஒரு கேள்வி: இந்த அத்தியாயத்தில் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன்? பத்துப் பன்னிரண்டு பக்கம் ஆனதும் மூடிவிட்டு, என் சொல்லில் நாலு வரி. திறந்து ஒப்பிட்டுத் திருத்தல். மறுநாள் புத்தகத்தைத் திறக்கும் முன், நேற்றைய நாலு வரியைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தல். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, மறதியின் போக்கை 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் சரசரவென்று இறங்குகிறது, பிறகு நிதானப்படுகிறது. ஆகவே மறுநாள் செய்யும் அந்த இரண்டு நிமிடச் சோதனைக்கு மதிப்பு அதிகம். கதை, கவிதைக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். நாவலைப் படித்துவிட்டு நாலு வரி எழுதச் சொல்வது பரீட்சை வைப்பதுபோல.

குறிப்பு எடுப்பதில் எல்லை கண்டவர் நிக்லஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர். வாழ்நாளில் ஏறத்தாழ 90,000 குறிப்பு அட்டைகளை எழுதி, ஒன்றோடொன்று எண்ணால் இணைத்து வைத்திருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அவற்றின் துணையோடு வந்தன. இதைக் கேட்டதும் அட்டைப்பெட்டி வாங்க ஓடாதீர்கள். குறிப்பு எழுதும் முறையை ஆராய்வதிலேயே மூன்று மாதம் கழித்து, ஒரு புத்தகமும் படிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். சாதாரண நோட்டுப் புத்தகமும் நாலு வரியும் முதல் ஒரு வருடத்துக்குத் தாராளம்.

எத்தனை புத்தகம் என்று கணக்குக் கேட்பவர்களுக்கு: நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம். 250 பக்கப் புத்தகமாக வகுத்தால் பதினான்கு தேறும். எண்ணிக்கை பிடித்துக்கொண்டால் மெல்லிய புத்தகங்களாகத் தேட ஆரம்பித்துவிடுவோம், எச்சரிக்கை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடுவது பாவமும் இல்லை.

எத்தனை நாளில் பழகும்?

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது எல்லோரும் கேள்விப்பட்டது. இதன் வேர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியதில் இருக்கிறது. மாறிய தங்கள் முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். "குறைந்தது" எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை என்பதும் அதில் உண்டு. ஒரு நாள் தவறியதும் "அவ்வளவுதான், போச்சு" என்று மொத்தத்தையும் கைகழுவுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தைவிட ஒரு நிகழ்ச்சியோடு கட்டிப்போட்டால் பழக்கம் லேசாகப் பிடிக்கும். "தினமும் படிப்பேன்" என்பதைவிட, "பல் துலக்கியதும் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன்" என்று முடிவு செய்பவர் அதைச் செய்துவிடும் வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால், அந்த நேரத்தில் மனதோடு பேரம் பேச வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "எனக்கு என் நேரம் என் கையில் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், நோயாளியைக் கவனிப்பவர்கள், அழைப்பு வந்தால் எடுத்தே ஆக வேண்டிய வேலையில் இருப்பவர்கள். அவர்களிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்பது பரிகாசம். அவர்களுக்குக் கிடைப்பது துண்டு நேரம்தான். அந்தத் துண்டுகளை ஒட்டவைக்க ஒரு வழி இருக்கிறது. முன்னே சொன்ன சோஃபி லெராய், தெரசா குளோம்ப் என்பவரோடு சேர்ந்து 2018இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். குறுக்கீடு வந்ததும் அப்படியே எழுந்து ஓடாமல், ஒரு நிமிடத்துக்குள், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர்களுக்குக் கவன எச்சம் குறைந்தது. போன இடத்தில் செய்த வேலையும் நன்றாக வந்தது.

என் மேசையில் இப்போது கிடக்கும் சீட்டில் இருப்பது இது: "மூன்றாம் பத்தி வரை பார்த்தாயிற்று. நான்காவதில் வரும் கூட்டுத்தொகை இடிக்கிறது. வந்ததும் பழைய அட்டவணையின் இரண்டாம் பத்தியோடு ஒப்பிடு. மற்றதைத் தொடாதே."